அபிப்பிராயத்துக்குச் சந்தா கேட்கலாமா?

திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள விஷ்ணு நிவாசத்திலும், பேருந்து நிலையத்தருகே உள்ள ஸ்ரீநிவாசத்திலும் தேவஸ்தானத்தின் அறை கிடைக்காத யாத்திரிகர், சுற்றுத் தெருக்களிலுள்ள தனியார் லாட்ஜுகளுள் எதை நம்பிப் பெட்டியை இறக்குவது என்று தீர்மானிக்க, முன்பு தங்கிச் சென்றவர்கள் இணையத்தில் எழுதிவைத்த நாலு வரிகளையும் அவர்கள் அளித்த நட்சத்திரங்களையுமே இன்று ஆதாரமாகக் கொள்கிறார். சித்தூர் கடைத்தெருவில் இன்று ஏமாந்தவர் நாளை அதே கடைக்காரர் முகத்தில் விழிப்பார். அந்தப் பயமே அங்கே நியாயத்துக்குக் காவல். வருஷத்துக்கொருமுறை வந்துபோகும் யாத்திரிகருக்கோ, முன்னே வந்தவர் சொல்லைத் தவிர வேறு காவல் கிடையாது.

அந்தச் சொல்லை இலவசமாகப் படிக்கிறோம். ஆனால் அதைத் தாங்கி நிற்கும் தளங்களுள் பெரும்பாலானவை, எவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப்படுகிறதோ அவரிடமிருந்தே விளம்பரப் பணமும் கமிஷனும் பெற்று ஜீவிக்கின்றன. நீதிபதிக்கு வழக்காளியே சம்பளம் கொடுக்கும் இந்த ஏற்பாடு விபரீதமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்படியானால் படிப்பவரிடமே சந்தா வாங்கலாமே என்ற யோசனை புதிதன்று. அமெரிக்காவில் 1936-ல் தோன்றிய நுகர்வோர் சங்கம், விளம்பரமே ஏற்காமல், பண்டங்களைக் கடையில் விலைகொடுத்து வாங்கிப் பரீட்சித்து, முடிவுகளைத் தன் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகையில் சந்தாதாரர்களுக்கு அளித்துவருகிறது. 1978-ல் அகமதாபாத்தில் நிறுவப்பட்ட நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையமும் பண்டங்களை ஒப்பிட்டுச் சோதித்து 'இன்சைட்' என்ற பத்திரிகையை நடத்தியது. பரிசோதனைச் சாலைக்குச் செலவு உண்டு. அதற்குச் சந்தா கேட்பது முற்றிலும் தர்மமே.

ஆயினும் சாமானியர் சொல்லும் அனுபவத்துக்கு இந்த நியாயம் பொருந்தாது. 1995-ல் ஒஹாயோவில் தொடங்கிய 'ஆஞ்சீஸ் லிஸ்ட்', பிளம்பர் முதலிய தொழிலாளரைப் பற்றி உறுப்பினர் எழுதுவதைச் சந்தா கட்டிய உறுப்பினருக்கே காட்டிவந்து, பிறகு தொழில் நடத்துவோரின் விளம்பரத்தையும் ஏற்று, இறுதியில் 2016-ல் அந்த மதிலைத் தானே இடித்தது. வருஷத்துக்கு ஓரிரவு தங்குபவர் வருஷச் சந்தா கட்டுவாரா? கட்டாதவர்கள் விலகினால் எழுதுவோர் தொகை குறையும். குரல்கள் குறைந்த இடத்தில் கூலிக்கு எழுதப்படும் பொய்ப் புகழே ஓங்கும்.

ஆகவே பரிகாரத்தைச் சட்டத்தில் தேடுவதே உசிதம். எழுதுபவர் மெய்யானவரா என்று சரிபார்த்தல், விலைக்கு வாங்கிய புகழுரையைப் பிரசுரிக்காமை ஆகியவற்றை விதிக்கும் ஐ.எஸ். 19000 என்ற தரநிர்ணயத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் வெளியிட்டது. ஆனால் தளங்கள் இஷ்டப்பட்டு ஏற்பதற்குரியதாகவே அது பிறந்தது. அதை அரசாங்கம் கட்டாயமாக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கும் அன்பர்களும், தங்கிய அறையைப் பற்றி, நிறையாயினும் குறையாயினும், உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு ரயிலேறுங்கள்.