பொரிவிளங்காய் உருண்டையும் பாகுப் பதமும்

வறுத்த அரிசியையும் பருப்பையும் மாவாக்கி, முற்றிய வெல்லப்பாகில் பிடிக்கும் கெட்டியான இனிப்பு பொரிவிளங்காய் உருண்டை. சுக்கும் ஏலக்காயும் இதற்கு மணம் தரும். நெய்யில் சிவந்த தேங்காய்ப் பல் இடையிடையே பல்லில் தட்டுப்படும். பொருள்விளங்கா உருண்டை என்றும் சொல்வார்கள். வீட்டுக்கு வீடு பெயரும் மாறும், கணக்கும் மாறும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சீர்ப் பலகாரத் தட்டிலும் ஊருக்குக் கிளம்புகிறவர்களின் மூட்டையிலும் இதற்கு இடம் உண்டு. எலுமிச்சம்பழ அளவில் உருட்டி டப்பாவில் அடைத்து வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. ஆனால் கடிக்க நல்ல பல் வேண்டும்.

இதே குணம் கொண்ட பலகாரங்கள் வேறு நாடுகளிலும் உண்டு. பிரபலமானது இத்தாலியர்களின் பிஸ்கோத்தி. டஸ்கனிப் பகுதியில் உள்ள பிராட்டோ நகரம் பாதாம் பிஸ்கோத்திக்குப் பேர்போனது. அங்கே அந்தோனியோ மத்தேயி என்பவர் 1858இல் தொடங்கிய கடை இன்றும் நடக்கிறது. மாவை நீளக் கட்டையாக உருட்டி அடுப்பில் சுட்டு, சூடு இருக்கும்போதே சாய்வாக நறுக்கி, துண்டுகளை மறுபடியும் சுடுவார்கள். சோம்பு வாசனை சேர்ப்பதும் உண்டு. கல்போல் இருக்கும் அதை இனிப்பு ஒயினில் தோய்த்துத் தின்பது அந்த ஊர் வழக்கம். ஐரோப்பியக் கப்பல்களில் மாலுமிகளுக்குக் கொடுத்த கெட்டி ரொட்டியும் இதே குடும்பம்தான். 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தை வைத்திருந்த டச்சுக்காரர்களின் கப்பல்களில் அந்த ரொட்டிதான் அன்றாடச் சாப்பாடு.

உருண்டையும் பிஸ்கோத்தியும் கெடாமலிருப்பதற்குக் காரணம் ஒன்றே: உள்ளே நீர் இல்லை. பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர நீர் வேண்டும். அதுவும் சர்க்கரையோடோ மாவோடோ ஒட்டிக்கொள்ளாமல் தனித்துக் கிடக்கிற நீர். அதை உணவியலார் நீர்ச் செயல்பாடு என்ற அளவால் குறிக்கிறார்கள். தூய நீருக்கு அது 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.9க்குக் கீழே வளராது. ஏறக்குறைய 0.6க்குக் கீழே போனால் பூஞ்சையும் அடங்கிவிடும். பிஸ்கோத்திக்காரர் ஈரமாவில் தொடங்கி, இரண்டு முறை சுட்டு நீரை வெளியேற்றுகிறார். உருண்டை செய்கிறவர் வழி நேர்மாறு. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக வறுத்து நீரைப் போக்கிவிட்டு, கடைசியில் நீர் வற்றிய பாகை ஊற்றிச் சேர்க்கிறார். உருட்டிய பிறகு இதற்கு அடுப்பே கிடையாது. அதனால் அதற்கு முந்தைய படிகளில் எங்கே ஈரம் தங்கினாலும் பிறகு சரிசெய்ய வழியில்லை.

முதல் பொருள் புழுங்கல் அரிசி. பச்சரிசியில் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் புழுங்கலின் பொரிந்த மணம் அதில் வராது. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து அரைப்பதால் புழுங்கல் அரிசியின் மாவுச்சத்து ஒருமுறை வெந்து, பிறகு இறுகி, கண்ணாடித் தன்மையோடு இருக்கிறது. சூடான இருப்புச் சட்டியில் போட்டதும் உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்ச நீர் ஆவியாகி, இறுகிய மாவுச்சத்தைத் தள்ளி உப்பவைக்கிறது. கண்ணாடிபோல் இருந்த அரிசி வெளுத்து, லேசாகப் பொரிந்து, பிறகு பொன்னிறத்துக்கு வரும். ஒரு அரிசியை எடுத்துக் கடித்தால் மொறுக்கென்று உடைய வேண்டும். நடுவில் கடுக்கென்றால் இன்னும் வறுக்க வேண்டும். ஆக, இந்த உருண்டைக்குள் போகும் அரிசி நெல்லாக இருந்தபோது ஒருமுறையும் சட்டியில் ஒருமுறையும் நெருப்பைப் பார்த்துவிட்டது.

அடுத்தது பாசிப்பருப்பு. காவிரி டெல்டாவில் இது நெல் விளைந்த அதே வயலிலிருந்து வருகிறது. சம்பாவோ தாளடியோ அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பின், மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே பயறு வளர்ந்து, கோடைத் தொடக்கத்தில் கைக்கு வரும். 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நெல்லோடு இந்தத் தரிசுப் பயறு, உளுந்துக்கும் தனி ரகங்கள் தந்திருக்கிறது. சத்துக் கணக்கிலும் இந்தச் சேர்க்கை பொருத்தமானது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் அது தாராளம். பயறில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுகட்டுகிறது. பயறின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம்.

பாசிப்பருப்பை நன்றாகச் சிவக்க வறுப்பதற்கும் காரணம் உண்டு. பருப்பின் பச்சை வாடைக்கு அதிலுள்ள ஒரு நொதியே மூலம். சூட்டில் அது செயலிழந்துவிடும். புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்களும் வறுக்கும்போது குறைகின்றன. அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து வினைபுரிவதால் வருவதுதான் அந்தச் சிவப்பும் மணமும். பிரெஞ்சு வேதியியலாளர் மாயார் 1912இல் விவரித்ததால் அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். உலர்ந்த சூட்டில் மாவுச்சத்தும் சிறு துண்டுகளாக உடைகிறது. அதனால்தான் இந்த மாவை மேற்கொண்டு வேகவைக்காமல் அப்படியே தின்ன முடிகிறது.

வழக்கமான ஒரு கணக்கு: புழுங்கல் அரிசி 2 ஆழாக்கு, பாசிப்பருப்பு 1 ஆழாக்கு, கோதுமையும் பொட்டுக்கடலையும் அரை அரை ஆழாக்கு. ஒன்றாகக் கொட்டி வறுக்கக்கூடாது. கோதுமை படபடவென்று வெடிக்கும் நேரத்துக்குள் பருப்பு கருகிவிடும். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது. சட்டிச் சூட்டில் ஒரு புரட்டுப் புரட்டினால் போதும். எல்லாம் முழுக்க ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி மாவிலேயே இறங்கும். அந்தக் காலத்தில் எந்திரக்கல்லில் அரைத்தார்கள், இப்போது மாவு மில். மிளகாய் அரைத்த கையோடு மில்காரர் இதை அரைத்தால் அவ்வளவுதான். அரிசி மாவு அரைத்த பிறகு போட்டு வாங்குவது உத்தமம்.

தேங்காய்ப் பல்லில் கவனம் கூடுதலாக வேண்டும். முற்றிய தேங்காயிலும் கிட்டத்தட்ட பாதி நீர்தான். உருண்டை பூசணம் பிடித்தது என்றால் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்கியிருக்கும். சிறு பற்களாகக் கீறி, கொஞ்சம் நெய்யில் சலசலப்பு அடங்கும்வரை வறுக்க வேண்டும். அந்தச் சத்தமே நீர் வெளியேறும் சத்தம்; அது நின்று பல் சிவந்தால் ஈரம் போய்விட்டது என்று பொருள்.

இனி பாகு. பாபநாசம் பக்கத்து வீரமாங்குடி அச்சு வெல்லத்துக்குப் பேர்போன ஊர். டெல்டா வீடுகளில் இந்த உருண்டைக்கு அச்சு வெல்லமோ மண்டை வெல்லமோ எடுப்பார்கள். அளவு, இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு பொடித்த வெல்லம். வெல்லம் மூழ்கும் அளவு நீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, அடிகனமான உருளியில் காய்ச்ச வேண்டும். நீர் கொஞ்சம் கூடிவிட்டதே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. அது வீண் கவலை. எவ்வளவு விட்டாலும் அத்தனையும் வற்றித்தான் ஆக வேண்டும். கூடுதல் நீரால் நஷ்டம் கேஸ் மட்டுமே.

பதத்தைத் தீர்மானிப்பது சூடு. வெறும் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சர்க்கரை கூடக் கூடக் கொதிநிலை ஏறும். ஆகவே பாகின் சூடே அதில் எவ்வளவு நீர் மிஞ்சியிருக்கிறது என்பதற்கு அளவுகோல். 112 முதல் 116 டிகிரியில் தண்ணீரில் விட்ட துளி மெத்தென்று உருளும். அப்போது சர்க்கரை சுமார் 85 சதவீதம். 121 முதல் 130 டிகிரியில் துளி கெட்டி உருண்டையாகும். சர்க்கரை 90 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். பொரிவிளங்காய்க்கு வேண்டியது இந்த இரண்டாவது பதம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கோ பாகு இன்னும் முற்ற வேண்டும்.

வெப்பமானி வைத்துக்கொண்டு யாரும் பாகு காய்ச்சுவதில்லை. ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் போதும். கொதிக்கும் பாகின் நுரை முதலில் பெரிது பெரிதாகப் பொங்கும், பிறகு சிறுத்து அடர்த்தியாகும். அந்த நேரத்தில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்ட வேண்டும். கரைந்து ஓடினால் வெகுதூரம் இருக்கிறது. திரண்டும் நசுங்கினால் இன்னும் ஓரிரு நிமிடம். திரட்டிய உருண்டையை எவர்சில்வர் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும். வந்த நொடியே அடுப்பை அணைக்க வேண்டும். உருளியின் சூட்டிலேயே பாகு இன்னும் கொஞ்சம் முற்றும்.

தாம்பாளத்தில் மாவைக் குவித்து, சுக்குப்பொடி, ஏலப்பொடி, தேங்காய்ப் பல் கலந்து, நடுவில் குழி செய்து பாகை ஊற்றுவது அடுத்த வேலை. மொத்த மாவிலும் ஒரே தடவையாக ஊற்றினால் பிடித்து முடிப்பதற்குள் பாதி கட்டிதட்டிப் போகும். மாவை மூன்று பங்காக்கி, ஒரு பங்கு மாவு, ஒரு பங்கு பாகு என்று முடித்துக்கொண்டே போகலாம். காத்திருக்கும் பாகு உருளியோடு வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் இருக்கட்டும். கரண்டிக் காம்பால் கிளறி, உள்ளங்கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு, ஒரு பிடி அள்ளி, முதலில் இறுக்கி அழுத்தி, பிறகுதான் உருட்ட வேண்டும். அழுத்தாமல் உருட்டினால் ஆறியதும் விரிசல் விடும். கை பொறுக்கிற சூடு வரும்வரை காத்திருந்தால் உருண்டை வராது என்பதுதான் இதில் உள்ள கஷ்டம்; இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்காருவது அதனால்தான்.

ஆறும்போது பாகு படிகமாகாமல், மாவுத் துகள்களுக்கு நடுவே கண்ணாடிபோல் உறைகிறது. வெல்லத்தில் இயல்பாகவே இருக்கும் குளுக்கோஸும் பிரக்டோஸும் படிகமாவதைத் தடுக்கின்றன. உருண்டையின் கல் தன்மை இந்த உறைந்த பாகினுடையது. பிஸ்கோத்தியின் கெட்டி உலர்ந்த மாவுடையது, அதனால் தோய்த்ததும் ஊறிவிடும். உருண்டையைக் காப்பியில் போட்டால் வெளியே கரையும், உள்ளே அசையாது.

சுக்கு சேர்ப்பது மணத்துக்கு மட்டுமல்ல. இஞ்சி காயும்போது அதன் காரப்பொருளான ஜிஞ்சரால், ஷோகாவோல் என்ற இன்னும் காரமான பொருளாக மாறுகிறது. இவ்வளவு இனிப்பையும் மாவையும் தாங்க அந்தக் காரம் வேண்டியிருக்கிறது. ஏலத்தின் எண்ணெய் சூட்டில் சீக்கிரம் பறந்துவிடும்; கொதிக்கும் பாகில் போட்டால் சமையலறைதான் மணக்கும்.

பாகு முறுகிவிட்டால் ஒரு கரண்டி வெந்நீர் விட்டு மறுபடி காய்ச்சிப் பதத்துக்குக் கொண்டுவரலாம். கருகிக் கசந்திருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். பதம் போதாத பாகை மாவில் ஊற்றிவிட்டாலோ திருத்தமே இல்லை. உருண்டை மெத்தென்று நன்றாகவே இருக்கும். ஆனால் இரண்டு மூன்று நாளில் தின்று தீர்க்க வேண்டும்.

மாசி, பங்குனியின் வறண்ட காற்று இந்த வேலைக்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவின் காற்றே ஈரம். வெல்லம் அதை இழுத்துக்கொண்டு உருண்டை பிசுபிசுக்கும். இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் உலர்ந்த கையால் எடுத்துவந்தால் ஒரு மாதம் தாங்கும். அதற்கு மேல் கெடுவது நுண்ணுயிரால் அல்ல. தேங்காயின் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். நீண்ட நாள் வைக்க வேண்டுமென்றால் தேங்காய் சேர்க்காமல் பிடிப்பதே நல்லது. பல் போன பெரியவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் முழு உருண்டையைக் கொடுக்கக்கூடாது. துணியில் சுற்றி அம்மிக்குழவியால் தட்டிப் பொடியாக்கி, சூடான பாலில் கலந்து கொடுக்கலாம்.