மேசைமேல் இசை: ஆம்ப்ளிஃபையருக்கு எத்தனை வாட் போதும்?

இணைய அங்காடியில் 'ஆம்ப்ளிஃபையர்' என்று தேடிப் பாருங்கள். உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று வரும். விலை நூறு வெள்ளிகூட இருக்காது, ஆனால் '300 வாட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதற்குப் பக்கத்திலேயே ஆயிரம் வெள்ளிக்கு மேல் விலை சொல்லும் இன்னொன்று, '40 வாட்' என்று அடக்கமாக நிற்கும். கல்விக் கடனில் மாதத்தை ஓட்டும் ஒரு மாணவர் எதை நம்பி வாங்குவது? இடைநிலைப்பள்ளி இயற்பியல் தெரிந்தால் போதும், பதிலை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

கைப்பேசியிலிருந்தும் மடிக்கணினியிலிருந்தும் வரும் ஒலிக்குறிப்பு மிகச் சிறியது. ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் வலு அதற்குக் கிடையாது. எந்தக் கருவியின் ஒலி, எவ்வளவு சத்தம் என்பதைக் கட்டுப்படுத்தும் பகுதியும், ஸ்பீக்கருக்கு மின்திறன் கொடுக்கும் பகுதியும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அதுவே ஒருங்கிணைந்த ஆம்ப்ளிஃபையர்.

தோட்டத்துக் குழாய் ஒலிபெருக்கி

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் கோயில் திருவிழாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியின் பாட்டு லயத்து வீடுகளைத் தாண்டி ரப்பர் காட்டுக்குள்ளும் கேட்டதைச் சொல்வார்கள். அதற்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் ஒரு சாதாரண ஆம்ப்ளிஃபையர்தான். ரகசியம் குழாயில் இருந்தது.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 'உணர்திறன்' என்று ஓர் அளவு உண்டு. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதே அது. குழாய் ஒலிபெருக்கிக்கு இது 105 டெசிபல் வரை இருக்கும். மேசைமேல் வைக்கும் சிறிய ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 85 டெசிபல். 10 டெசிபல் கூட வேண்டுமானால் மின்திறன் 10 மடங்கு வேண்டும், 20 டெசிபலுக்கு 100 மடங்கு. அதாவது குழாய் 1 வாட்டில் எழுப்பும் சத்தத்துக்கு மேசை ஸ்பீக்கர் 100 வாட் கேட்கும். குழாயில் இனிமை குறைவு, அது வேறு விஷயம். ஆனால் முதலில் ஸ்பீக்கரை முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற ஆம்ப்ளிஃபையரைத் தேட வேண்டும் என்பது இதிலிருந்து புரியும். பட்ஜெட்டிலும் பெரிய பங்கு ஸ்பீக்கருக்கே போக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மேசையில் நம் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இருக்காது. படித்துக்கொண்டே கேட்க 75 டெசிபல் தாராளம். 85 டெசிபல் ஸ்பீக்கரில் அதற்கு 0.1 வாட் போதும். திடீரென்று ஒரு தவில் அடி விழுந்து சத்தம் 20 டெசிபல் எகிறினாலும் 10 வாட்தான். எனவே ஒரு பக்கத்திற்கு 20 முதல் 30 நேர்மையான வாட் இருந்தால் மேசைக்கு அதற்கு மேல் தேவையில்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கும் அல்ல. 1978இல் வெளிவந்த நேட் 3020 என்ற ஆம்ப்ளிஃபையர் ஒரு பக்கத்திற்கு 20 வாட் என்றே அறிவிக்கப்பட்டது. குறைந்த விலையில் நல்ல ஒலி என்பதற்கு உலகெங்கும் இன்றும் அதையே உதாரணம் காட்டுகிறார்கள்.

காதின் கணக்கையும் மறக்கக்கூடாது. 80 டெசிபல் சத்தத்தை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 90 டெசிபலாக ஏற்றினால் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். போன செவித்திறன் திரும்பி வராது.

அப்படியானால் அந்த 300 வாட்? பெட்டியோடு வரும் அடாப்டரைப் பாருங்கள். 24 வோல்ட், 5 ஆம்பியர் என்றிருந்தால் உள்ளே போவதே 120 வாட்தான். போவதைவிட அதிகமாக எப்படி வெளியே வரும்? இன்னொரு சூத்திரமும் கைகொடுக்கும். வோல்ட்டின் வர்க்கத்தை ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கால் வகுத்தால், இவ்வகைச் சிறு பெட்டிகளில் ஒரு பக்கத்திற்குக் கிடைக்கும் உச்ச அளவு தெரிந்துவிடும். 24 வோல்ட், 8 ஓம் என்றால் 36 வாட். சிறு பெட்டிகள் பலவற்றில் இருக்கும் டிபிஏ3116 என்ற சில்லுக்கு 50 வாட் என்று சொல்வதும் 21 வோல்ட், 4 ஓமில், ஒலி 10 விழுக்காடு சிதைந்த நிலையில் எடுத்த அளவு. அந்தச் சில்லு மோசமானதல்ல. அளவோடு ஓட்டினால் மேசைக்கு நன்றாகவே உழைக்கும். விளம்பர எண்ணை நம்பி வாங்குவதில்தான் ஏமாற்றம்.

மேசைக்கென்று சில சோதனைகள்

வரவேற்பறையில் தெரியாத குறைகள் மேசையில் தெரியும். பாட்டை நிறுத்திவிட்டுச் சத்தத்தைக் கூட்டி, வழக்கமாக உட்காரும் தூரத்தில் கேளுங்கள். 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் காதில் விழுந்தால் அந்தப் பெட்டி மேசைக்கு ஆகாது. அடுத்து, சத்தத்தை மிகக் குறைத்து வைத்து இடமும் வலமும் சமமாகக் கேட்கிறதா என்று பாருங்கள். மலிவான திருகு குமிழ்களில் தொடக்கத்தில் ஒரு பக்கம் மங்கும். மேசையில் நாம் பெரும்பாலும் அந்தத் தொடக்கப் பகுதியில்தான் கேட்கப் போகிறோம்.

விடுதியிலோ மெல்லிய சுவர் கொண்ட அடுக்குமாடியிலோ இருப்பவர்களுக்கு ஹெட்போன் துளை அவசியம். கணினியோடு நேரடியாக இணைக்க யுஎஸ்பி வசதி இருந்தால் தனிக் கருவி வாங்கும் செலவு மிச்சம். நம் ஊர் வெப்பத்தில், குறைவாகச் சூடாகும் 'கிளாஸ் டி' வகை வசதியானது. பழைய 'கிளாஸ் ஏபி' வகையென்றால் மேலே புத்தகம் அடுக்காமல் காற்றோட்டம் விட வேண்டும். கையில் ஸ்பீக்கரே இல்லை, இடமும் குறைவு என்றால், ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே பொருத்திய ஸ்பீக்கர் ஜோடியை வாங்குவது சிக்கனம்.

பழைய பொருள் வாங்குவோருக்கு

ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தை போன்ற இடங்களில் பழைய ஜப்பானிய ஆம்ப்ளிஃபையர் கண்ணில் படலாம். விலை படிவதற்கு முன் பின்பக்கத்தைப் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டுக்காகச் செய்தவை 100 வோல்ட்டில் ஓடுபவை. நம் சுவரில் வருவதோ 230 வோல்ட். நேரடியாகச் செருகினால் கருவி புகைந்துவிடும், தீ விபத்தும் நேரலாம். அதற்கு மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா, இரு பக்கமும் பாடுகிறதா என்று கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

புதியது வாங்கினால் சிரிம் முத்திரையைத் தேடுங்கள். அடாப்டருக்கும் அது பொருந்தும். இடி மின்னல் தொடங்கினால் செருகியைக் கழற்றி வையுங்கள். பேராக்கில் மாலை மழை சொல்லிவிட்டு வருவதில்லை.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: ஸ்பீக்கரின் உணர்திறன், அதன் ஓம், பெட்டிக்குள் போகும் வோல்ட். நன்றாகத் தெரிந்த இரண்டு பாடல்களைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு போங்கள். விற்பவர் '300 வாட்' என்றால், அடாப்டரைக் காட்டச் சொல்லுங்கள்.