படியில்லாத பஸ் நிலையம்

என் உம்மும்மாவுக்கு மாதத்தில் ஒருநாள் பதுளையில் கிளினிக். பசறையிலிருந்து வரும்போது சிக்கலில்லை. எங்கள் வீட்டடியில் ஒரு மதகுக்கட்டு உண்டு. அதில் நின்று பஸ்ஸுக்குள் நேராகக் கால் வைத்துவிடுவார். திரும்பும்போதுதான் தொல்லை. பஸ் நிலையத்தில் தரையிலிருந்து ஏற வேண்டும். வாப்பாவின் அளவுநாடாவால் நான் அளந்தேன்: முதற்படியே 17 அங்குலம்! போன மாதம் கால் வழுக்கி முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது. பின்னால் நின்ற தோட்டத்து அக்கா ஒருவர்தான் தாங்கிப் பிடித்தார். "இனி நான் வரல்ல மகள், மருந்த நீயே எடுத்து வா" என்கிறார் உம்மும்மா.

அந்த மதகுக்கட்டுத்தான் என்னை இதைத் தேடி வாசிக்க வைத்தது. பிரேசிலின் குரிட்டிபா நகரம் அதையே பெரிதாகச் செய்திருக்கிறது. கட்டடக் கலைஞரான ஜெய்மி லேர்னர் மேயராக இருந்தபோது, 1974இல் அங்கே பஸ்களுக்கென்று தனிப்பாதை ஒதுக்கினார்கள். 1991இல் கண்ணாடிக் குழாய் போன்ற நிலையங்கள் வந்தன. வாசலிலேயே காசு கட்டிவிட்டு உள்ளே உயரமான மேடையில் காத்திருக்க வேண்டும். பஸ் வந்ததும் எல்லாக் கதவுகளும் திறக்கும்; ஒரு பலகை மேடைமீது விழும். படி என்பதே இல்லை.

இதனால் முதியவர்களுக்கு மட்டும்தான் இலாபம் என்று நினைக்க வேண்டாம். ஒரு கதவால் 40 பேர் ஏறுகிறார்கள், ஆளுக்கு 4 வினாடி என்று வையுங்கள். 160 வினாடி போய்விடும். காசு முன்பே கட்டி, மூன்று கதவுகளால் ஏறினால் அது ஒரு நிமிடத்துக்கும் குறையும். கொலம்பியாவின் பொகோட்டாவில் 2000இல் தொடங்கிய சேவையில், நிலையங்களருகே இன்னொரு பாதையும் விட்டார்கள். நிற்கும் பஸ்ஸைக் கடுகதி பஸ் தாண்டிப் போகலாம்.

நமக்குக் கிட்டிய உதாரணம் அகமதாபாத். அங்கே 2009இல் தொடங்கிய ஜன்மார்க் சேவையின் நிலையங்கள் வீதியின் நடுவில் இருக்கின்றன. இந்தியாவிலும் நம்மைப்போல வாகனங்கள் இடப்பக்கமாகவே ஓடுவதால், நடுவிலுள்ள மேடை பஸ்ஸின் வலப்பக்கம் வரும். ஆகவே வலப்பக்கம் கதவுள்ள பஸ்கள் தேவைப்பட்டன. நிலையத்தை மாற்றினால் பஸ்ஸையும் மாற்ற வேண்டியிருக்கிறது. எல்லா இடத்திலும் இது வென்றதுமில்லை. டில்லியில் 2008இல் திறந்த சுமார் 6 கிலோமீற்றர் பாதையைச் சில வருடங்களிலேயே கைவிட்டு உடைத்தார்கள். நடுவீதி நிலையத்துக்குப் போக, ஓடும் வாகனங்களைக் கடக்க வேண்டியிருந்தது அதன் குறைகளில் ஒன்று.

பதுளைக்குத் தனிப்பாதை சரிவராது. பசறை வீதியில் இரண்டு பஸ்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்பதை நாம் அறிவோம். ரயில் 1924இல் இங்கு வந்தது. இன்றும் ரயிலால் இறங்குபவர் பையோடு பஸ் நிலையம்வரை போக வேண்டும். இரண்டையும் ஓரிடத்தில் சேர்ப்பது பெரும் செலவு. ஆனால் மேடைக்கு அவ்வளவு செலவில்லை. பஸ்ஸின் தளம்வரை உயர்த்தவும் முடியாது. நம் பஸ்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம், கதவும் படியோடுதான் இருக்கிறது. பாதி உயர்த்தினால் போதும். பஸ் நிற்கும் ஓரத்தை 9 அங்குலம் உயர்த்தினால், 17 அங்குலப் படி 8 அங்குலமாகும். அது எங்கள் வீட்டுப் படியின் அளவு. சாரதி ஓரத்தை ஒட்டி நிறுத்த வேண்டும் என்பதுதான் மீதிக் கஷ்டம். இடைவெளி விட்டால் பயனில்லை.

இதையெல்லாம் உம்மும்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அடுத்த கிளினிக்குக்கு வர இப்போது சம்மதித்திருக்கிறார். ஆனால் குசினியிலுள்ள சின்ன ஸ்டூலை நான் தூக்கிக்கொண்டு வர வேண்டுமாம்.