தலைக்கு மேலே போனது யாருடைய விமானம்?

தோட்டப்புற மக்களுக்கு விமானம் ஒன்றும் புதிதல்ல. பெரட்டு முடிந்து வெளிக்காட்டுக்குப் போகும்போதே தலைக்கு மேல் ஒன்று உறுமிக்கொண்டு போகும். "ஏரோப்ளேன் போவுது" என்று அண்ணாந்து பார்த்துவிட்டு நாம் அடுத்த மரத்துக்குப் போய்விடுவோம். ஆனால் பக்கத்திலுள்ள சின்ன விமானத் திடலில், என்றும் வராத ஒரு பட்டாளத்து விமானம் தாழப் பறந்து வந்து இறங்கினால் கதையே வேறு. அன்று முழுக்க லயத்தில் அதுதான் பேச்சு. "சண்டை வரப் போவுதாம்ல" என்பார் ஒருவர். "யாரோ பெரிய மனுசன் வந்திருக்கான்" என்பார் இன்னொருவர். ஆளுக்கொரு கதை.

"இதைத் தெரிஞ்சு நமக்கு என்னய்யா ஆகப் போவுது? சம்பளம் எப்ப கூடும்னு எழுதுங்க" என்று வாசகர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும், வந்த விமானம் யாருடையது என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதற்காக இந்த நாட்டு மக்கள் உயிரையே விலையாகக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. அதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

போருக்கு முந்திய ஆண்டுகளில் வெள்ளைக்காரர்கள் மலாயாவின் வடக்கே பல இடங்களில் விமானத் திடல்களை அமைத்தார்கள். அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி, பட்டர்வொர்த், கோத்தா பாரு, கோங் கெடாக், மாச்சாங் என்று அவை வரிசையாக இருந்தன. எதிரிக் கப்பல் கரைக்கு வருமுன் கடலிலேயே குண்டு போட்டுத் தடுத்துவிட வேண்டும் என்பது திட்டம். திட்டம் நல்லதுதான், திடலும் தயார்தான், விமானம்தான் போதவில்லை. மலாயாவைக் காக்க 336 விமானங்கள் வேண்டும் என்று லண்டனில் கணக்குப் போட்டிருந்தார்கள். போர் தொடங்கிய அன்று பறக்கத் தயாராக இருந்தவையோ 158தான். அவற்றிலும் பல பழைய மாதிரி. கட்டைக் குட்டையான பஃபலோ சண்டை விமானம் ஜப்பான்காரனுடைய விமானத்துக்கு முன்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

1941 டிசம்பர் 8. ஜப்பானியப் படை கோத்தா பாரு கடற்கரையில் இறங்கிய அதே காலையில், வடக்கேயுள்ள இந்தத் திடல்கள் மீது குண்டு மாரி பொழிந்தது. சுங்கைப் பட்டாணியில் தரையில் நின்ற விமானங்களே அடிபட்டன. அலோர் ஸ்டாரில் இன்னும் கொடுமை. தாக்குதலுக்குப் போய்த் திரும்பி வந்து எண்ணெய் நிரப்பிக்கொண்டு நின்ற பிளென்ஹெய்ம் விமானங்கள் அப்படியே அகப்பட்டுக்கொண்டன. காலையில் வடக்கே 110 விமானங்கள் இருந்தன. பொழுது சாய்வதற்குள் பறக்கக்கூடியவை 50 அளவில்தான் மிஞ்சின. ஒரே நாளில் பாதிக்கு மேல் போயிற்று!

அடுத்த சில நாட்களில் திடல்களைக் கைவிட்டு வெள்ளைக்காரப் படை தெற்கே நகர்ந்தது. ஓடுகிற அவசரத்தில் அலோர் ஸ்டாரில் எண்ணெயும் குண்டும் எதிரி கைக்கே போய்ச் சேர்ந்தன. அதே திடலிலிருந்து, அதே எண்ணெயை ஊற்றி, ஜப்பானிய விமானங்கள் ஏறத் தொடங்கின. போன வாரம் வரை 'நம்ம பக்கத்து' விமானம் இறங்கிய இடத்தில் இந்த வாரம் எதிரி விமானம் இறங்குகிறது. சுற்றியிருந்த கித்தாத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இதை யார் எடுத்துச் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. துரைமார்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே போய்விட்டார்கள். வானத்தில் கேட்ட இரைச்சல் ஒன்றுதான். இறக்கையில் இருந்த வட்டம் மட்டும் மாறிவிட்டது.

பினாங்கில் நடந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. டிசம்பர் 11ஆம் தேதி ஜார்ஜ் டவுனுக்கு மேலே விமானங்கள் கூட்டமாக வந்தன. ஜனங்கள் வீட்டுக்குள் ஓடவில்லை. வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தார்கள்! அதுவரை தலைமேல் குண்டு விழுந்து அவர்கள் கண்டதில்லை. எதிர்த்துச் சுட நகரத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கி கிடையாது. கூட்டம் நின்ற தெருக்களிலேயே குண்டுகள் விழுந்தன. பல நூறு பேர் மடிந்தார்கள். அந்த ஜனங்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. "இப்படி வந்தால் படுத்துக்கொள், ஓடி ஒளிந்துகொள்" என்று சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்காததுதான் குற்றம்.

தெற்கே ஜொகூரிலும் இதே கதைதான். குளுவாங், காஹாங் திடல்களைப் பிடித்த ஜப்பானியர்கள், 1942 பிப்ரவரி 14ஆம் தேதி அங்கிருந்துதான் வான்குடை வீரர்களை ஏற்றிக்கொண்டு சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலைகளைப் பிடிக்கப் போனார்கள். அவர்கள் கொண்டுபோன விமானங்களில் ஒரு வகை, அமெரிக்க லாக்ஹீட் விமானத்தைப் பார்த்து ஜப்பானில் செய்தது. வெள்ளைக்காரர்களின் ஹட்சன் விமானமும் அதே லாக்ஹீட் குடும்பம். தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போலிருக்கும். பழகிய பட்டாளத்துக்காரனே தடுமாறும்போது, பால்வாளியோடு நின்ற நம் பாட்டன் என்ன செய்வார்?

அடையாளத்திலும் குழப்பம் இருந்தது. வெள்ளைக்காரர் விமானத்தின் வட்டத்துக்கு நடுவே ஒரு சிவப்புப் பொட்டு. ஜப்பான்காரனுடையதோ முழுச் சிவப்பு வட்டம். ஆளை மாற்றிச் சுட்டுவிடக் கூடாது என்று, ஆசியாவில் பறந்த நேசநாட்டு விமானங்களில் அந்தச் சிவப்பையே பிறகு எடுத்துவிட்டார்கள்.

போர் முடிந்தும் விமானம் நம்மை விடவில்லை. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். ஆஸ்டர் என்னும் சின்ன விமானம் கைக்கெட்டும் உயரத்தில் போவது போல் காட்டோரம் சுற்றும். மேலேயிருந்து துண்டுக் காகிதம் கொட்டும். ஒலிபெருக்கி கட்டிய விமானம், காட்டிலிருப்பவர்களைச் சரணடையச் சொல்லி வானத்திலிருந்தே பேசும். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இன்று நிலைமை வேறு. சின்னத் திடலுக்குப் பட்டாளத்து விமானம் வந்தால் பெரும்பாலும் பயிற்சிக்காக இருக்கும், அல்லது வெள்ள நிவாரணத்துக்காக இருக்கும். 2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளத்தில் மூழ்கியபோது உணவும் மருந்தும் கொண்டுபோனவை ஹெலிகாப்டர்கள்தான். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு காற்றாடியும் உச்சியில் இறக்கையும் இருந்தால் அது சி-130 போன்ற சரக்கு விமானம். மூக்கில் ஒரே காற்றாடி உள்ள சின்ன விமானம் அலோர் ஸ்டார் பக்கம் வட்டமிட்டால், அது பழகும் பையன்கள் ஓட்டும் பிசி-7. வாலில் இரட்டைத் துடுப்போடு இடி போல் போவது சுகோயாக இருக்கலாம். அதன் வீடு கோங் கெடாக், 1941இல் கைவிடப்பட்ட அதே திடல்தான்! நீல வட்டத்தில் 14 முனை மஞ்சள் நட்சத்திரம் இருந்தால் அது நம் நாட்டு ஆகாயப்படை விமானம்.

வாசகர்கள் சில காரியங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் கம்பி வேலியைத் தாண்டக் கூடாது. துப்பாக்கிக்காரன் படம் போட்ட சிவப்புப் பலகை விளையாட்டுக்கு வைத்ததல்ல. தடுக்கப்பட்ட இடங்களுக்கு 1959ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அங்கே கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிப்பதும், டிரோன் விடுவதும் வம்பை விலைக்கு வாங்குவது. "சண்டை வந்துடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் புரளி அனுப்புவது அதைவிட மோசம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. பழைய போர்க்காலக் குண்டுகள் இன்றும் இந்த நாட்டு மண்ணிலிருந்து கிளம்புகின்றன. மறுநடவுக்கு மண்ணைப் புரட்டும்போது துருப்பிடித்த இரும்பு உருளை தட்டுப்பட்டால், "பழைய இரும்பு, விலைக்குப் போடலாம்" என்று தூக்காதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். வேலையை நிறுத்தி, ஆட்களைத் தூர அனுப்பி, 999-க்குச் சொல்லுங்கள். எண்பது வருசம் மண்ணுக்குள் கிடந்தாலும் குண்டு குண்டுதான்.

பல தோட்டங்கள் இன்று தாமான்களாகிவிட்டன. லயங்கள் இடிந்துவிட்டன. 1941இல் வானத்தைப் பார்த்த கண்களில் மிச்சமிருப்பவை மிகச் சில. எந்தத் திடலில் எப்போது என்ன இறங்கியது, எங்கே குண்டு விழுந்தது, வெடிக்காமல் எது புதைந்தது என்பது அந்தப் பெரியவர்களுக்கே தெரியும். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், பிள்ளைகளே. ஊர்ப் பெயரோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அன்று நம்மவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. நமக்குப் பின்னால் வருகிறவர்களாவது தெரிந்துகொள்ளட்டும்.