வாசலில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர்

நெருளில் எங்கள் இரண்டு அறை வீட்டில் மூன்று தலைமுறை, கணிப்பொறி ஒன்றுதான். பேரன் அதில் லினக்ஸ் ஏற்றி, எங்கள் எல்லோருக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துக் கொடுத்தான். இயந்திரத்தை இயக்கியதும் எங்கள் பெயர்கள் வரிசையாகத் தெரியும். பெயரைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்டு கொடுத்தால் அவரவர் பக்கம் திறக்கும்.

சென்ற மாதம் ஒரு நாள் என் மனைவிக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. "என்னங்க, நேற்று வரைக்கும் திறந்தது, இன்றைக்குத் தப்பு தப்பு என்கிறதே!" என்றாள். தஞ்சாவூரில் உள்ள அக்காவுக்காகத் தன் அம்மா காலத்துச் சமையல் குறிப்புகளைத் தமிழில் தட்டெழுதி வைத்திருந்தாள். நகல் எடுத்து வைக்கவில்லை. பேரனோ, "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிவிடலாம், தாத்தா" என்றான். அவள் முகம் வாடிவிட்டது.

"பொறுடா" என்றேன். பழுது எங்கே என்று தெரியாமல் எஞ்சினைப் பிரிக்கக்கூடாது என்பது ரயில்வேயில் நான் கற்ற முதல் பாடம்.

அந்த வாசல் திரையைக் காட்டும் நிரலுக்கு லாகின் மேனேஜர் என்று பெயர். 1988-ல் எக்ஸ் விண்டோ அமைப்புடன் வந்த எக்ஸ்.டி.எம். இவ்வகையில் மூத்தது. பின்னர் ஜி.டி.எம்., லைட்.டி.எம்., எஸ்.டி.டி.எம். எனப் பல வந்தன.

அந்நாளைய ஒற்றைப் பாதையில் நீல்ஸ் கருவியிலிருந்து எஃகுப் பந்து கையில் கிடைத்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். அடுத்த ஸ்டேஷன் சம்மதித்தால்தான் பந்து வெளியே வரும். லாகின் மேனேஜர் செய்வதும் இதே வேலைதான். நாம் தட்டுவதை வாங்கிச் சரிபார்க்கும் பகுதியிடம் கொடுக்கும். அது சம்மதித்தால் நமக்குரிய உரிமையோடு மட்டும் நம்மை உள்ளே விடும். பாட்டியின் கோப்பைப் பேரன் தவறுதலாக அழித்துவிடாமல் இருப்பது இதனால்தான்.

அப்படியானால் பிழை பாஸ்வேர்டிலா, வாசலிலா? கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். படமில்லாத எழுத்துத் திரை வந்தது. அங்கே அதே பாஸ்வேர்டு உடனே ஏற்கப்பட்டது! ஆக, பாஸ்வேர்டும் கோப்புகளும் பத்திரம், கோளாறு வாசலில்தான்.

வாசல் திரைக்குத் திரும்பி மூலையைப் பார்த்தேன். விசைப்பலகை தமிழில் இருந்தது. அவள் ஆங்கில எழுத்துகளென்று நினைத்துத் தட்டியதெல்லாம் தமிழெழுத்துகளாக விழுந்திருக்கின்றன. புள்ளி புள்ளியாகவே தெரிவதால் யார் கண்டார்கள்? ஆங்கிலத்துக்கு மாற்றினோம், கதவு திறந்தது.

தமிழில் எழுத வேண்டும் என்ற ஆசைதான் இந்தச் சங்கடத்துக்குக் காரணம். அதற்காகத் தமிழை விட்டுவிட வேண்டியதில்லை. சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், தமிழ் முதலிய நம் மொழிகளுக்காகவே உருவானது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றது.

ஆகவே அன்பர்களே, கதவு திறக்கவில்லை என்றால் முதலில் மூலையிலுள்ள மொழிக்குறியைப் பாருங்கள். அடுத்து எழுத்துத் திரையில் முயன்று பாருங்கள். அழிப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

மறுநாளே சமையல் குறிப்புகளை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தோம். அந்த வேலையைப் பேரனே விரும்பிச் செய்தான். பாட்டி அன்று அவனுக்கு அந்தக் குறிப்பிலிருந்தே அசோகா அல்வா கிண்டிக் கொடுத்தாள்.