கிளப் இருக்கு, மைதானம்தான் இல்ல: டெல்லியின் சின்ன ஃபுட்பால் அணிகள் எங்கே வாழ்கின்றன?

டெல்லி கேட் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் ஊருக்கே தெரிந்த ஒரு மைதானம் வரும். பழைய பெயர் ஃபெரோஸ் ஷா கோட்லா, இப்போது அருண் ஜேட்லி ஸ்டேடியம். ஐபிஎல் நாட்களில் அந்தப் பக்கம் ஆட்டோ பிடிப்பதே பெரும்பாடு. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு மைதானம் இருக்கிறது: அம்பேத்கர் ஸ்டேடியம். சீசன் நேரத்தில் வாரநாள் மதியம் எட்டிப் பார்த்தால், டெல்லி லீக் ஆட்டம் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கலாம். கேலரியில் கொஞ்சம் பேர் இருப்பார்கள். பாதிப் பேர் ஆடுகிறவர்களின் நண்பர்கள், மீதிப் பேர் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்பவர்கள்.

அந்த ஆட்டத்தில் எது 'ஹோம் டீம்' என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். காகிதத்தில் ஒரு அணியின் பெயர் முதலில் இருக்கும், அவ்வளவுதான். இரண்டு அணிக்குமே அது சொந்த வீடு இல்லை. மைதானம் மாநகராட்சியுடையது. இது சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். ஆனால் டெல்லியின் உள்ளூர் கிளப்கள் ஏன் 70 வருஷம் ஆனபிறகும் ஊருக்குத் தெரியாமலே இருக்கின்றன என்பதற்கான பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

யார் இந்தக் கிளப்கள்?

கர்வால் ஹீரோஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1953-ல் ஆரம்பித்த கிளப். உத்தராகண்ட் மலைப்பகுதியில் இருந்து வேலைக்காக டெல்லிக்கு வந்த கர்வாலிகள் தொடங்கியது. அப்போது உத்தராகண்ட் என்று தனி மாநிலமே கிடையாது, அது 2000-ல்தான் வந்தது. மாநிலம் பிறப்பதற்கு 47 வருஷம் முன்பே அதன் மக்களுக்கு டெல்லியில் ஒரு ஃபுட்பால் கிளப் இருந்திருக்கிறது. டெல்லி பட்டத்தைப் பல முறை வென்ற அணி அது.

இன்னும் சிலவும் உண்டு. ஹிந்துஸ்தான் எஃப்சி 1948-ல் பிறந்தது. தருண் சங்கா என்ற பெயரைக் கேட்டாலே வங்காள வாசனை அடிக்கும். உத்தராகண்ட் எஃப்சி என்றே ஒரு அணி இருக்கிறது. விமானப்படைக்கு ஒன்று. பழைய டெல்லியின் மொஹல்லாக்களில் வளர்ந்தவை தனிக் கதை. ரேஞ்சர்ஸ், ராயல் ரேஞ்சர்ஸ் என்று கிளாஸ்கோவைப் பார்த்த பெயர்களும் இந்தப் பட்டியலில் வரும்.

பெயர்களை வரிசையாகப் படித்தால் டெல்லிக்கு யார் யார் எங்கிருந்து வந்தார்கள் என்ற கணக்கெடுப்பு மாதிரியே இருக்கும். தமிழர்கள் மட்டும் வேறு பாதை எடுத்தோம். நாம் 1946-ல் டெல்லித் தமிழ்ச் சங்கம் வைத்தோம், தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் நடத்தினோம். ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள்: சங்கத்துக்கு ஆர்.கே.புரத்தில் கட்டடம் இருக்கிறது. பொங்கலோ பட்டிமன்றமோ, எங்கே போகணும் என்று யாரும் கேட்பதில்லை. கர்வால் ஹீரோஸின் ரசிகருக்கு அந்த வசதி கிடையாது. அடுத்த ஆட்டம் எந்த மைதானத்தில் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் போக வேண்டும்.

லீக்கில் இவர்கள் எங்கே நிற்கிறார்கள்?

மேலிருந்து வருவோம். உச்சியில் ஐஎஸ்எல். 2024-25 சீசன் பெயர்களில் சொன்னால், அடுத்து ஐ-லீக், பிறகு ஐ-லீக் 2, 2023-24-ல் சேர்ந்த ஐ-லீக் 3. அதற்கும் கீழே மாநில லீக்குகள். டெல்லியில் 2022-ல் தொடங்கிய டெல்லி பிரீமியர் லீக்தான் மாநிலத்தின் முதல் படி. முதல் சீசனில் 11 அணிகள். அதன் கீழே சீனியர் டிவிஷன், ஏ டிவிஷன் என்று படிகள் இறங்கும்.

ஏணி இருக்கிறது, ஏறவும் முடியும். 2022-23 சீசன் இதற்கு நல்ல உதாரணம். ஒரே வருஷத்தில் டெல்லி எஃப்சி ஐ-லீக்குக்கு ஏறியது, டெல்லியின் இன்னொரு அணியான சுதேவா அங்கிருந்து இறங்கியது. டெல்லி எஃப்சியும் இரண்டு சீசனில் இறங்கிவிட்டது.

அப்போ பெரிய அணிகளுக்காவது வீடு இருக்கா?

இங்கேதான் கதை விசித்திரமாகிறது. கீழே உள்ள நான்கு வரிகளையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

டெல்லி டைனமோஸ் 2014-ல் ஐஎஸ்எல்-லில் டெல்லி அணியாக வந்தது. 2019-ல் புவனேஸ்வருக்குப் போய் ஒடிஷா எஃப்சி ஆனது.

பஞ்சாப் எஃப்சி 2023-24-ல் ஐஎஸ்எல்-லுக்கு ஏறியது. ஹோம் ஆட்டங்களை ஆடியது டெல்லி ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில்.

டெல்லி எஃப்சி 2024-25 ஐ-லீக் ஹோம் ஆட்டங்களை ஆடியது பஞ்சாபின் மாஹில்பூரில்.

ஹைதராபாத் எஃப்சி 2025 அக்டோபரில் ஊர் மாறி, ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆனது.

டெல்லி அணி பஞ்சாபில், பஞ்சாப் அணி டெல்லியில்! ஹைதராபாத் அணி டெல்லி ஆகிவிட்டது, டெல்லி அணியோ ஒடிஷா ஆகிவிட்டது. இதில் யாரும் விதியை மீறவில்லை. உரிமம் என்பது ஒரு கம்பெனிச் சொத்து. ஆபீஸை குர்கானில் இருந்து நொய்டாவுக்கு மாற்றுகிற மாதிரி மாற்றலாம். பழைய ஊர் ரசிகருக்கு அந்த முடிவில் ஓட்டு கிடையாது, அவ்வளவுதான்.

சென்னையில் இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். 2018-19 ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி எஃப்சியின் ஹோம் மைதானம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. சாம்பியன் ஆன மூன்றாவது வருஷம்.

ஸ்காட்லாந்தில் என்ன வேறுபாடு?

ஸ்காட்லாந்தை இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. டெல்லியின் ஃபுட்பால் பாரம்பரியம் என்று சொல்லப்படும் துராந்த் கோப்பையின் வேரே அங்கே போகிறது. 1888-ல் சிம்லாவில் நடந்த முதல் ஃபைனலில் ராயல் ஸ்காட்ஸ் ஃபியூஸிலியர்ஸ், ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியை 2-1 என்று வென்றது. இரண்டுமே ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகள். 1940-ல் கோப்பை டெல்லிக்கு வந்தது. அந்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங் வென்றபோது, அதை வென்ற முதல் இந்திய அணி ஆனது. 2019-ல் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விட்டது. ஆக, டெல்லியில் கோப்பைக்கும் நிரந்தர முகவரி கிடைக்கவில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம். அதன் நான்கு அடுக்கு தேசிய லீக்கில் 42 கிளப்கள். அதாவது சுமார் 1.3 லட்சம் பேருக்கு ஒரு கிளப். 2011 கணக்கெடுப்பில் டெல்லியின் மக்கள்தொகை 1.68 கோடி. அதே விகிதத்தைப் போட்டால் டெல்லிக்கு மட்டும் 128 கிளப்கள் வர வேண்டும். நியாயமான ஒப்பீடு இல்லைதான், ஒரு முழு நாட்டையும் ஒரு நகரத்தையும் தராசில் வைக்கிறேன். ஆனால் என்னை யோசிக்க வைத்தது எண்ணிக்கை இல்லை, அந்த 42 கிளப்களும் எங்கே குடியிருக்கின்றன என்பதுதான்.

பிரீக்கின் என்ற ஊர். சுமார் 7,000 பேர் வாழ்கிறார்கள், நம்ம ஊர்ப் பக்கம் ஒரு பெரிய கிராமம் என்றே சொல்வார்கள். அதன் அணி பிரீக்கின் சிட்டி ஆடும் கிளீப் பார்க்கில் சுமார் 4,000 பேர் நிற்கலாம், உட்காரலாம். மைதானத்தின் ஒரு பக்கம் சுவர் இல்லை, வளர்ந்து நிற்கும் உயிர்வேலி. ஃபுட்பால் பைத்தியங்கள் அந்த வேலியைப் பார்ப்பதற்காகவே அங்கே போகிறார்கள். 2021-ல் இந்த அணி கடைசி இடம் பிடித்து, தேசிய லீக்கில் இருந்தே கீழே விழுந்து, ஹைலேண்ட் லீக்குக்குப் போனது. அணி இறங்கியது, ஆனால் மைதானம் எங்கேயும் போகவில்லை. அடுத்த சீசனிலும் சனிக்கிழமை ஆட்டம் அதே இடத்தில்தான். தாத்தா நின்ற இடத்தில் பேரன் நிற்பது அங்கே உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லும் வசனம் இல்லை, சாதாரணத் தகவல்.

அதற்காக அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். கிளைட் என்ற பழைய கிளப் 1986-ல் கிளாஸ்கோ பக்கத்து ஷாஃபீல்ட் மைதானத்தை விட்டு வெளியேறியது. அங்கே இங்கே ஆடி, 1994-ல் கம்பர்நால்ட் என்ற புதுநகரத்தில் குடியேறியது. 2022-ல் அங்கிருந்தும் கிளம்பி, ஹாமில்டன் அணியின் மைதானத்தில் ஆடத் தொடங்கியது. வாடகை வீடு மாறி மாறி அலைந்த குடும்பத்தின் கதைதான். டெல்லி கிளப்களின் நிலைமை புரிய வேண்டும் என்றால் பிரீக்கினைவிட கிளைட்தான் நமக்குப் பொருத்தமான பாடம். ஒரு வித்தியாசம், கிளைட் இழந்த மைதானத்தைத் தேடுகிறது. டெல்லியின் பல கிளப்களுக்கு இழப்பதற்கே ஒன்று இருந்ததில்லை.

மைதானம் இல்லாட்டி என்ன குடி முழுகிடும்?

பணம் முதலில். சொந்த மைதானம் இருந்தால் டிக்கெட், கேன்டீன், எல்லைக்கோட்டு விளம்பரப் பலகை, வார நாளில் வாடகை எல்லாம் சின்னச் சின்ன வருமானம். ஸ்காட்லாந்தில் மட்டன் பையும் சூடான பானமும் விற்கிற கடைகூட ஒரு கிளப்பின் பட்ஜெட்டில் கணக்கு. டெல்லியில் இது எதுவும் கிடையாது. பெரும்பாலும் தலைவரின் பாக்கெட், நண்பர்களின் நன்கொடை, ஊர்ப் பாசம். அந்தப் பாக்கெட் காலியானால் அணியும் காலி. பெயரை யாராவது வாங்கிக்கொள்வார்கள்.

பணம் இல்லாத, யாரும் பார்க்காத லீக்கில் வேறு ஆபத்தும் வரும். 2024 பிப்ரவரியில் டெல்லி பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றின் வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. ஒரு அணியின் வீரர்கள் பந்தைத் தாங்களே தங்கள் கோலுக்குள் தள்ளினார்கள். மேட்ச் ஃபிக்ஸிங் சந்தேகம் எழுந்து, விசாரணை வரை போனது. அந்த ஆட்டம் நடக்கும்போது கேலரியில் அந்த ஏரியாக்காரர்கள் 500 பேர் உட்கார்ந்திருந்தால் இப்படி ஆட தைரியம் வந்திருக்குமா? எனக்கு வந்திருக்கும் என்று தோன்றவில்லை.

அப்புறம் பழக்கம். டெல்லியில் நிலம் என்பது டிடிஏ, மாநகராட்சி, மத்திய விளையாட்டு ஆணையம், பள்ளிக்கூடங்கள் கையில் இருக்கிறது. ஆபீஸ் முடிந்து நீங்கள் நண்பர்களோடு ஆடும் டர்ஃப் தனியார் கையில். மணிக்கணக்கில் வாடகை கட்டினால் அங்கே யாரும் ஆடலாம். ஆனால் அந்த டர்ஃப் எந்த ஏரியாவின் அணிக்கும் சொந்தமில்லை. பக்கத்துத் தெருப் பையன் மூணு வருஷம் கழித்து முதல் அணியில் இறங்குவான் என்று காத்திருக்க அங்கே இடமே இல்லை.

இத்தனைக்கும் நடுவில் சில நல்ல செய்திகளும் உண்டு. டெல்லியின் பெண்கள் அணியான கர்வால் யுனைடெட், 2024-25-ல் பெண்கள் லீக்கின் இரண்டாம் படியில் இருந்து முதல் படிக்கு ஏறியது. மலையில் இருந்து வந்தவர்கள் வைத்த பெயர் இன்னும் தேசியப் பட்டியலில் மேலே போய்க்கொண்டிருக்கிறது.

அதே நேரம், 2025 நவம்பரில் இன்னொரு தகவல் வெளியானது. ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தை இடித்து, 102 ஏக்கரில் 'ஸ்போர்ட்ஸ் சிட்டி' கட்டும் திட்டம் விளையாட்டு அமைச்சகத்தின் மேசையில் இருக்கிறது. அந்த 102 ஏக்கரில் ஒரு உள்ளூர் கிளப்புக்கு நீண்டகாலக் குத்தகையில் ஒரு மைதானமாவது ஒதுக்குவார்களா என்பதுதான் டெல்லி லீக்கைப் பின்தொடர்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. அதுவரை ஆட்டம் பார்க்க வேண்டும் என்றால் வயலட் லைன், டெல்லி கேட் ஸ்டேஷன். கிரிக்கெட் ஸ்டேடியத்துக்கு உள்ளே போய்விடாதீர்கள், பக்கத்தில் இருப்பதுதான்.