சுகாதார முகாமுக்கு மறுநாள்

மும்பை, தில்லி, கொல்கத்தா முதலிய நகரங்களில், பள்ளிக்கூடங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் கோயில் வளாகங்களிலும் சுகாதார முகாம்கள் நடைபெறுவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். இரத்த அழுத்தம் அளக்கிறார்கள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்க்கிறார்கள். கண்ணையும் பல்லையும் சோதிக்கிறார்கள். முடிவில் ஒரு சீட்டில் சில எண்களை எழிதித் தருகிறார்கள். அச்சீட்டை நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே முகாமின் பயன் அமைகிறது.

நோயின் அறிகுறி எதுவும் தோன்றுமுன்னரே ஒருவரைச் சோதிப்பது தடுப்புப் பரிசோதனை எனப்படும். இது களத்தில் நெல்லைத் தூற்றுவது போன்றது. தூற்றிய மாத்திரத்தில் நெல் அரிசியாகிவிடுவதில்லை. அவ்வாறே, முகாமில் இரத்த அழுத்தம் 140/90 என்ற அளவைத் தாண்டியிருப்பின், அதனாலேயே அவர் நோயாளி ஆகிவிடமாட்டார். பரபரப்பினாலும், படியேறி வந்த களைப்பினாலும் அழுத்தம் உயர்வதுண்டு. வேறொரு நாளில் அமைதியாக அமர்ந்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். உணவுக்குப் பின் எடுத்த சர்க்கரை அளவும் இத்தகையதே. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில், 100 மில்லி லிட்டருக்கு 126 மில்லி கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை இருந்து, மறு சோதனையும் அதனை உறுதி செய்தால்தான் நீரிழிவு என்று முடிவு செய்வர்.

பரிசோதனையின் பயனுக்கு மும்பையிலேயே சிறந்த சான்று உண்டு. அந்நகரின் குடிசைப் பகுதிகளில், 35 வயது முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களைக் கொண்டு, டாட்டா நினைவு மருத்துவமனையினர் 1998-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். பாதிப் பேருக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறை, நான்கு தடவை கருப்பை வாய் சோதிக்கப்பட்டது. சோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். சில வாரங்கள் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப் பெண்களே. காடியில் உள்ள அமிலத்தின் நீர்த்த கரைசலைத் தடவினால் மாறுபட்ட இடம் வெண்மையாகத் தெரியும். விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டியதில்லை. 2014-இல் வெளியான முடிவின்படி, சோதிக்கப்பட்ட தொகுதியில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்பட்ட மரணம் 31 சதவிகிதம் குறைந்திருந்தது.

எனினும் அதே ஆய்வு வேறொன்றையும் காட்டிற்று. ஐயத்துக்கு இடமானவர்கள் என்று மேற்சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில், நூற்றுக்கு இருபது பேர் அளவில் வரவேயில்லை. வீடு தேடிச் சென்று அழைத்த ஆய்விலேயே இந்நிலை என்றால், ஒரு நாளில் கலைந்துவிடும் முகாமைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

வெளி மாநிலத்தில் வாழும் தமிழருக்கு இதில் தனித்த இடையூறுகள் உள்ளன. மருத்துவரிடம் உடற்குறையை இந்தியிலோ மராத்தியிலோ விளக்கத் தயக்கம். ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலை. இவற்றினும் பெரிது, ‘ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்ற எண்ணம். ஊருக்குச் செல்வதோ ஆண்டுக்கொரு முறை; சென்றாலும் திருமணமும் திருவிழாவுமாக நாட்கள் கழிந்துவிடும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் வலி தந்து நினைவூட்டுபவை அல்ல. காத்திருக்கும் காலத்தில் அவை சிறுநீரகத்தையும் கண்ணையும் இதயத்தையும் ஓசையின்றிக் கெடுக்கும்.

மாணவர் விஷயத்தில் கவனம் இன்னும் தேவை. பார்வை குறைந்த குழந்தைக்குத் தன் பார்வை குறைந்தது என்பதே தெரியாது. உலகம் எல்லோருக்கும் அப்படித்தான் மங்கித் தெரிகிறது என்று நினைத்துக்கொள்ளும். கரும்பலகையைப் படிக்கத் தடுமாறும் தமிழ்ப் பிள்ளையை, ‘இவனுக்கு இந்த ஊர்ப் பாஷை வரவில்லை’ என்று பள்ளியில் ஒதுக்கிவிடவும் கூடும். அவனுக்கு வேண்டியது ஒரு மூக்குக் கண்ணாடியாக இருக்கலாம். 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழுவினர் வந்து 18 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சோதிக்கின்றனர். குறை காணப்பட்டால் எங்குச் செல்ல வேண்டும் என்பதைப் பெற்றோர் கேட்டறிந்து, மறவாமல் அழைத்துச் செல்ல வேண்டும்.

முப்பது வயதைக் கடந்தோர்க்கு அரசின் சுகாதார நிலையங்களில் இரத்த அழுத்தம், நீரிழிவு, வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுநோய் ஆகிய ஐந்துக்கும் பரிசோதனை செய்யும் ஏற்பாடு உள்ளது. முன்னிரண்டும் ஆண்டுதோறும், பின் மூன்றும் ஐந்தாண்டுக்கு ஒரு முறையும் செய்துகொள்ளத்தக்கவை. புகையிலை மெல்லுவோர் வாய்ப் பரிசோதனையைத் தவிர்க்கலாகாது.

முகாம் நடத்தும் தமிழ்ச் சங்கங்கள் ஒரு பணியைக் கூடுதலாக ஏற்கலாம். மேற்சோதனை தேவைப்படுவோருடன் அடுத்த வாரமே மருத்துவமனைக்குச் சென்று, மொழி பெயர்த்துச் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்யலாம். பெண்களுக்குப் பெண்களே துணை செல்வது நலம். சீட்டைப் பெற்றவர் அதனைக் குடும்ப அட்டையோடு பத்திரப்படுத்தி, ஊர் மாறினாலும் உடன் கொண்டு செல்ல வேண்டும். முகாம் ஒரு நாளில் முடிந்துவிடும். மறுநாள் எடுத்து வைக்கும் அடியே உடலைக் காக்கும்.